அன்னதானத்துல கிழங்கு வெச்சா என்ன குறைச்சல்?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிச்சு உட்காரும்போது படிங்க. நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

போன சனிக்கிழமை அன்னதானத்துல சோறு, சாம்பார், பொரியல், ரசம் எல்லாம் வழக்கம்போல இருந்துச்சு. கூடவே ஒரு ஓரத்துல சக்கரவள்ளிக் கிழங்கை அவிச்சு, நடுவுல கீறி, உள்ள கொண்டைக்கடலை நிரப்பி, மேல எள்ளு சாஸ் ஊத்தி 60 கிழங்கு வெச்சிருந்தோம். வேணும்ங்கிறவங்க எடுத்துக்கலாம், யாரையும் கட்டாயப்படுத்தல. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் நம்ம வாட்சாப் குழுவுல ஒரு மெசேஜ். "கோயிலுக்கு வந்தவங்களுக்கு கிழங்கு கொடுத்து அனுப்புற அளவுக்கு நம்ம நிலைமை போச்சா?" அதுக்குக் கீழ இன்னொருத்தர், "அன்னதானம்னா அன்னம்தான். அரபுக்காரன் சாப்பாடு எதுக்கு?" அதுக்கு 11 பேர் கைகூப்பு போட்டிருந்தாங்க. எண்ணிப் பார்த்தேன்.

எழுதுன ரெண்டு பேரும் எனக்குத் தெரிஞ்சவங்கதான், நல்லவங்க, கோயிலுக்கு என்னைவிட அதிகம் செஞ்சவங்க. அதனால குழுவுல சண்டை போடாம இங்க வந்து பொறுமையா எழுதுறேன். அந்தக் கிழங்கைக் கொண்டுவந்தது நான்தான். கமிட்டி மேல கோபப்படாதீங்க.

முதல்ல இது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிடறேன். என் மக ஷா ஆலாம்ல வாடகைக்கு இருந்து வேலை பாக்குது. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தப்போ, "அப்பா, இன்னைக்கு மெடிட்டரேனியன் சாப்பாடு"ன்னு சொல்லி அவன்ல கிழங்கு சுட்டுச்சு. மெடிட்டரேனியன்னா மத்தியதரைக் கடல் பக்கம், கிரேக்கம், துருக்கி, லெபனான், எகிப்து அந்தப் பக்கம்னு விளக்கம் வேற. எனக்கு அதெல்லாம் புரியல. தட்டைப் பார்த்தா கொண்டைக்கடலை, சீரகம், எள்ளு, எலுமிச்சை, கொத்தமல்லி, புதினா. "ஏம்மா, இது நம்ம சுண்டல் கிழங்குக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதானே"ன்னு கேட்டேன். மக சிரிச்சுச்சு. ஆனா ருசி எனக்குப் புடிச்சுப் போச்சு. கிழங்கோட இனிப்பும் எலுமிச்சையோட புளிப்பும் எள்ளோட லேசான கசப்பும் ஒண்ணா வரும்போது, சீனி போடாமலே ஒரு பலகாரம் சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

அதுல பூண்டு இருந்துச்சு, வெங்காயம் இருந்துச்சு. ரெண்டையும் எடுத்துட்டு, பெருங்காயம் ஒரு சிட்டிகை போட்டு வீட்டுல மூணு தடவை செஞ்சு பார்த்தோம். குருக்கள்கிட்டயும் கேட்டேன். "மடப்பள்ளி நைவேத்தியம் நைவேத்தியமா இருக்கட்டும், அதுல கை வைக்காதீங்க. அன்னதானத்துல சைவமா, சுத்தமா, வெங்காயம் பூண்டு இல்லாம எது போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல"ன்னு சொன்னார். அதுக்கப்புறம்தான் கோயிலுக்கே கொண்டுவந்தேன்.

இப்ப அந்த முதல் மெசேஜுக்கு வர்றேன். "கிழங்கு கொடுத்து அனுப்புறது." அந்த வார்த்தைக்குள்ள இருக்கிற வலி எனக்குப் புரியும். ஏன்னா எங்க பாட்டி வீட்டுக்குள்ள கிழங்கையே விடாது.

எங்க பாட்டி பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டத்துல பால்மரம் சீவுனது. இப்ப ஊருக்குப் பேரு பெஸ்தாரி ஜெயா, ஆனா நமக்கு வாயில வர்றது பழைய பேருதான். ஜப்பான்காரன் 1942-லிருந்து 1945 வரைக்கும் மலாயாவை வெச்சிருந்த காலத்துல அரிசி கெடைக்கல. பால் வாங்க ஆள் இல்ல, தோட்டத்துல வேலை இல்ல. லயத்துக்குப் பின்னாடி, மரத்துக்கு நடுவுல எங்க இடம் கெடைச்சாலும் மரவள்ளியும் சக்கரவள்ளியும் நட்டுத்தான் உயிரைக் காப்பாத்துனாங்க. காலையில கிழங்கு, ராத்திரி கிழங்கு, கிழங்குக் கொடியோட இலையே கீரை. பாட்டியோட தம்பியை சயாம் ரயில் போட ஆள் புடிச்சுட்டுப் போனாங்க, திரும்பி வரல. அப்படித் திரும்பாத தமிழங்க பல ஆயிரம் பேர். பாட்டிக்குக் கிழங்குன்னா அந்த நாலு வருஷம்தான். பின்னாடி நல்லா இருந்த காலத்துல, நான் சின்னப் பையனா பள்ளிக்கூடத்துலேருந்து வரும்போது பக்கத்து வீட்டுல சுட்ட கிழங்கு வாசனை வந்தா, பாட்டி ஜன்னலைச் சாத்தும். "சோறு தின்னுடா, சோறு"ன்னு சொல்லும். வீட்டுக்கு யார் வந்தாலும் மொதல்ல கேக்குறது "சோறு தின்னியா"தான்.

அதனால ஒருத்தர் கோயில்ல கிழங்கைப் பார்த்து முகம் சுளிச்சா அது திமிருன்னு நான் நினைக்க மாட்டேன். இலை நிறைய சோறு போடுறது நமக்கு ஒரு ஜெயிச்ச கணக்கு. பட்டினி கிடந்தவங்க பேரப்புள்ளைங்க நம்ம. நம்ம கோயில்ல யாருக்கும் சோறு இல்லன்னு சொல்லக் கூடாது. நானும் அதுல உறுதியாத்தான் இருக்கேன். சோத்தை எடுத்துடணும்னு நான் எங்கயும் சொல்லல.

ஆனா இன்னொரு விஷயமும் இருக்கு. அதை எழுதுறதுக்கு எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

நம்ம சனிக்கிழமை அன்னதானத்துக்கு ஒரு தாத்தா வருவார். பேரு வேண்டாம், வழக்கமா வர்றவங்களுக்குத் தெரியும். தோட்டத்துல வேலை செஞ்சு ஓய்வு பெற்றவர், தனியாத்தான் இருந்தார். தூண் பக்கத்துல அதே இடத்துல உட்காருவார். நான் பரிமாறுவேன். அவருக்குப் பாயசம் ரொம்பப் புடிக்கும். "வேண்டாம்யா, மிஸி திட்டும்"ன்னு சொல்வார். நான் "கோயில் பிரசாதம் தாத்தா, ஒண்ணும் செய்யாது"ன்னு சொல்லி ரெண்டாவது கரண்டி ஊத்துவேன். பாசத்துலதான் ஊத்துனேன். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் இருக்கும், ஒவ்வொரு சனிக்கிழமையும். அப்புறம் கால்ல ஒரு புண்ணு. முதல்ல ரெண்டு விரலை எடுத்தாங்க, அப்புறம் முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. என் பாயசத்தாலதான் கால் போச்சுன்னு டாக்டர் யாரும் சொல்லல, வாரத்துல ஒரு நாள் சாப்பாட்டால மட்டும் அப்படி ஆகாதுன்னும் எனக்குத் தெரியும். ஆனா "ஒண்ணும் செய்யாது"ன்னு சொன்ன வாய் என்னோடது.

போய்ப் பார்த்தப்போ அவர் கேட்டது, "சனிக்கிழமை யாரு பரிமாறுறா?"

நம்ம நாட்டு சுகாதார அமைச்சு 2019-ல எடுத்த ஆய்வுல, வயசுவந்தவங்கள்ல 18.3 விழுக்காட்டுக்கு இனிப்பு நீர். இந்தியர்கள்ல மட்டும் பார்த்தா 31.4 விழுக்காடு. மூணு இனத்துலயும் நம்மதான் மேல. அதாவது நம்ம பந்தியில வயசுவந்தவங்க பத்துப் பேரு உட்கார்ந்தா மூணு பேருக்கு இருக்கு, அதுல சில பேருக்குத் தனக்கு இருக்கிறதே தெரியாது. எனக்கும் ஃபேக்டரி மெடிக்கல் செக்-அப்லதான் தெரிஞ்சுச்சு. நான் ஏதோ ஆரோக்கியமான ஆள் மாதிரி உங்களுக்குப் பாடம் எடுக்கிறேன்னு நினைக்காதீங்க. தினமும் ரெண்டு வேளை மாத்திரை போடுறவன்தான்.

கிளினிக்ல சுவத்துல ஒட்டியிருப்பாங்களே, ஒரு தட்டுப் படம், 'சுக்கு சுக்கு செபாரோ'ன்னு. தட்டுல கால் பாகம் சோறு இல்லன்னா கிழங்கு, கால் பாகம் புரதச் சத்து, பாதித் தட்டு காய்கறி, பழம். எங்க பெரியம்மா அதைக் கேட்டுட்டு வந்து ஒரு வாரம் சுக்குக் காப்பி குடிச்சுச்சு, அது வேற கதை. அந்தப் படத்தை நம்ம வாழை இலையோட ஒப்பிட்டுப் பாருங்க. நம்ம இலையில முக்கால்வாசி சோறு. சாம்பார் ஊத்த ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, தயிருக்கு ஒரு தடவை. காய் ஒரு ஓரத்துல ரெண்டு விரல் அளவு. புரதம்னு பார்த்தா சாம்பார்ல கரைஞ்ச பருப்பு. அப்பளம், வடை, பாயசம். இனிப்பு நீர் உள்ளவங்க அதுல எதை ஒதுக்குவாங்க? பிரசாதத்தை இலையில விட்டுட்டு எழுந்திரிக்க மனசு வருமா? ஒதுக்க முடியாம தின்னுட்டுப் போறாங்க, இல்லன்னா வர்றதையே நிறுத்திடறாங்க. நம்ம அன்னதானத்துக்கு முன்னாடி வந்துட்டு இப்ப சாமி கும்பிட்டு நேரா வீட்டுக்குப் போறவங்க ஆறேழு பேர் இருக்காங்க. கேட்டுப் பாருங்க, காரணம் இதான்.

அதுக்காக சக்கரவள்ளிக் கிழங்கு மருந்துன்னு நான் சொல்ல வரல. டிக்டாக்ல அப்படித்தான் சொல்றானுங்க, நம்பாதீங்க. கிழங்கும் மாவுச்சத்துதான். 200 கிராம் கிழங்குல சுமாரா 40 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஆனா இலை நிறைய மூணு தடவை வாங்குற சோத்துல அதைவிட ரெண்டு மூணு மடங்கு போயிடும். கிழங்குல தோலோட நார்ச்சத்து இருக்கு, உள்ள கடலை இருக்கு, கடலையில புரதமும் நாரும் இருக்கு, மேல எள்ளு. வயிறு நிறையுது, மெதுவாத்தான் செரிக்குது. இனிப்பு நீர் உள்ளவங்க ஒரு கிழங்கு சாப்பிட்டா அன்னைக்குச் சோத்தைக் குறைச்சுக்கணும். ரெண்டையும் முழுசா தின்னா பலன் இல்ல.

இன்னொரு முக்கியமான விஷயம், என் மக செஞ்ச மாதிரி அவன்ல சுடாதீங்க. சுட்ட கிழங்கு ருசி அதிகம், தேன் மாதிரி ஒழுகும். அது ஒழுகுறதே சர்க்கரைதான். கிழங்கு மெதுவா சூடாகும்போது அதுக்குள்ளயே மாவுச்சத்து சர்க்கரையா மாறிக்கிட்டே இருக்கு. ரொம்ப நேரம் சுட்டா ரத்தத்துல சர்க்கரையை வேகமா ஏத்தும், தண்ணியில அவிச்சா அந்த வேகம் குறைவு. கிளினிக்ல சாப்பாட்டு ஆலோசனை சொல்ற பொண்ணும் இதையேதான் சொன்னுச்சு. கோயிலுக்கு அதுவே வசதி. நம்மகிட்ட அவன் இல்ல, அண்டா இருக்கு.

இப்ப "அரபுக்காரன் சாப்பாடு".

எள்ளுலேருந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஊர்ல தாஹினின்னு சொல்றது வெறும் வெள்ளை எள்ளு அரைச்ச விழுதுதான். எள்ளு நம்ம பக்கத்துலதான் முதல்ல பயிர் ஆச்சு, ஹரப்பாவுல கரிஞ்ச எள்ளு தோண்டி எடுத்திருக்காங்க. எண்ணெய்ங்கிற வார்த்தையே எள் நெய்தான். சனிக்கிழமை எள்ளு தீபம் போடுறவங்க எள்ளைப் பார்த்து அந்நியம்னு சொல்லலாமா? அதே சமயம் சீரகம் அந்த மத்தியதரைக் கடல் பக்கத்துலேருந்து வந்தது. கொண்டைக்கடலை துருக்கி பக்கம் பயிராகி வந்தது. அது இல்லாம நவராத்திரிக்கு சுண்டல் ஏது? போக்குவரத்து ரெண்டு பக்கமும் இருந்திருக்கு, ஆயிரக்கணக்கான வருஷமா.

வெளிநாட்டுது வேண்டாம்னா மொதல்ல மிளகாயை எடுக்கணும். அது அமெரிக்கா கண்டத்துலேருந்து போர்த்துகீசியன் கப்பல்ல வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நம்ம பாட்டிங்களைக் காப்பாத்துன மரவள்ளி, எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்குதான். இந்தச் சக்கரவள்ளியும் அப்படித்தான். பூரி ஜெகந்நாதர் கோயில் மடப்பள்ளியில உருளைக்கிழங்கும் தக்காளியும் மிளகாயும் இன்னைக்கும் சேர்க்க மாட்டாங்க. அவங்க சொன்னா அதுல ஒரு நியாயம் இருக்கு, கடைப்புடிக்கிறாங்க. நம்ம ரசத்துல தக்காளி மிதக்குது, சாம்பார்ல மிளகாய் மிதக்குது. கிழங்கு வந்தா மட்டும் பாஸ்போர்ட் கேக்குறோம்.

நம்ம வீட்டுல பொங்கலுக்குப் படைக்கிற காய்ல சக்கரவள்ளி இருக்கு. திருவாதிரைக் களிக்குச் செய்ற கூட்டுல இருக்கு. இப்பதானே ஆடி முடிஞ்சுச்சு, அண்டா அண்டாவா கூழ் ஊத்துனோம். கேப்பைக் கூழ் என்ன ராஜா வீட்டுச் சாப்பாடா? பஞ்சத்துல குடிச்சதுதானே. அம்மனுக்குப் படைச்சு, வரிசையில நின்னு, செம்பு கொண்டுவந்து வாங்கிக் குடிச்சோம். பெரிய கார்ல வந்தவங்களும்தான். அதுல யாருக்கும் குறைச்சல் வரல. கூழுக்கு ஒரு நியாயம், கிழங்குக்கு ஒரு நியாயமா?

என் மக இன்னொண்ணும் சொன்னுச்சு, எனக்கு அது மனசுல பட்டுச்சு. எகிப்துல இருக்கிற பழைய கிறிஸ்தவங்க, காப்டிக்னு சொல்வாங்க, வருஷத்துல 200 நாளுக்கு மேல விரதம் இருப்பாங்களாம். இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்ல. அந்த நாள்ல அவங்களுக்குக் கை கொடுக்கிறது கடலையும் பயறும் எள்ளும்தான். குளிர்காலத்துல கைரோ தெருவுல தள்ளுவண்டியில சக்கரவள்ளி சுட்டு விப்பாங்க. அதனால இது ஏதோ ஹோட்டல் ஃபேஷன் சாப்பாடு இல்ல. அந்த ஊர்லயும் சாமிக்காக வாயைக் கட்டுனவங்க சாப்பாடுதான்.

சரி, எப்படிச் செய்றதுன்னு பல பேர் கேட்டீங்க. 150 பேருக்குக் கணக்கு சொல்றேன். வீட்டுல செய்றவங்க குறைச்சுக்கோங்க.

கிழங்கு 30 கிலோ. ஆளுக்கு ஒண்ணு, ஒண்ணு 200 கிராம். உள்ள ஆரஞ்சா இருக்கிற கிழங்கு பார்க்க அழகு, ஆனா சீக்கிரம் குழையும். உள்ள வெள்ளையா மஞ்சளா இருக்கிறது கீறினாலும் நிக்கும். போன வாரம் நான் செஞ்ச தப்பு இங்கதான். 28 வருஷமா ஃபேக்டரியில சைஸ் பிரிக்காம லைன்ல எதையும் விடாதேன்னு கத்துற ஆளு நான். பெரிசு சின்னது எல்லாத்தையும் ஒரே அண்டாவுல போட்டுட்டேன். சின்னது கஞ்சியாச்சு, பெரிசு நடுவுல கல்லு மாதிரி. 70 போட்டதுல பத்து வீணாப் போனது அதனாலதான். மூணு சைஸா பிரிச்சு, தனித்தனியா போடணும். நல்லா கழுவி, தோலோடயே போட்டு, நடுத்தரக் கிழங்கு 30 நிமிஷம், பெரிசு 40, 45. கம்பி குத்துனா தடையில்லாம இறங்கணும், ஆனா தூக்குனா உடையக் கூடாது. தண்ணியை உடனே வடிச்சுடணும், உள்ளயே விட்டா ஊறிப் போகும்.

கடலை 6 கிலோ, வெள்ளைக் கொண்டைக்கடலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஊறப் போட்டு, நடுவுல ஒரு தடவை தண்ணி மாத்தணும். நம்ம ஊரு சூட்டுக்கு மாத்தலன்னா காலையில நுரைச்சு நிக்கும். உப்பு போட்டு, விரல்ல அமுக்குனா மசியிற மாதிரி வேகவெச்சு, நல்லெண்ணெயில சீரகம் பொரிய விட்டு, பெருங்காயம், மல்லித்தூள், மிளகுத்தூள், பட்டைத்தூள் ஒரு சிட்டிகை போட்டுப் பெரட்டுங்க. கொஞ்சம் கடலையை மசிச்சு விட்டா கிழங்குக்குள்ள உதிராம உட்காரும். அந்த ஊர்ல ஆலிவ் எண்ணெய் ஊத்துவாங்க. அந்த விலைக்கு நம்ம கோயில் தாங்காது, நல்லெண்ணெய் போதும். சொல்லப்போனா எள்ளோட அது இன்னும் சேருது.

சாஸுக்கு வெள்ளை எள்ளு ஒன்றரைக் கிலோ. லேசா, நிறம் மாறுறதுக்குள்ள வறுத்து எடுக்கணும், சிவந்துட்டா கசக்கும். கொஞ்சம் எண்ணெய் விட்டு மையா அரைச்சு, எலுமிச்சைச் சாறு, உப்பு, தண்ணி சேர்க்கணும். இங்க ஒரு விஷயம். முதல்ல தண்ணி ஊத்துனதும் விழுது இறுகிக் கெட்டியாயிடும். திரிஞ்சு போச்சுன்னு நான் பயந்து கொட்டப் போனேன். கொட்டாதீங்க. இன்னும் தண்ணி ஊத்திக்கிட்டே கலக்குங்க, அதுவா இளகி வெள்ளையா மோர்க்குழம்பு மாதிரி வரும். தேங்காய்ச் சட்னி மாதிரி சீக்கிரம் ஊசாது, ஆனாலும் காலையில அரைச்சதை மதியத்துக்குள்ள முடிச்சுடணும்.

கிழங்கை நீளமா கீறி, ரெண்டு முனையையும் உள்பக்கம் அமுக்குனா வாய் திறக்கும். அதுல கடலை, மேல சாஸ், அதுக்கு மேல பொடியா நறுக்குன வெள்ளரி, தக்காளி, கொத்தமல்லி, புதினா. மாதுளை நாலு முத்து போட்டா பிள்ளைங்க ஓடி வரும். போன சனிக்கிழமை முதல்ல காலியானது பிள்ளைங்க வரிசையிலதான்.

செலவு? கிழங்கு நான் வாங்குனப்போ கிலோ நாலு வெள்ளி. எல்லாம் சேர்த்து 150 பேருக்கு 250 வெள்ளிக்குள்ள முடிச்சுடலாம். உபயகாரங்க சில பேர் "என் உபயத்தன்னைக்கு வடை பாயசம் இல்லன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க"ன்னு கேக்குறாங்க. வடை இருக்கட்டும் அண்ணே. பாயசமும் இருக்கட்டும், கேட்டவங்களுக்கு மட்டும் ஊத்துவோம். கேக்காதவங்க இலையில ஊத்துற பழக்கத்தை மட்டும் விடுவோம். நான் விட்டுட்டேன்.

அரிசியைப் பத்தியும் ஒண்ணு ஞாபகப்படுத்துறேன். 2023 புரட்டாசி மறந்துடாதீங்க. ஜூலையில இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்துச்சு. செப்டம்பர் 1-ஆம் தேதி இங்க இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலேருந்து 3,200 வெள்ளியா ஏறுச்சு. எல்லாரும் 10 கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசிக்கு ஓடுனாங்க, கடையில அலமாரி காலி. செகிஞ்சான் வயலுக்கு இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு, தஞ்சோங் காராங்லேருந்து புக்கிட் ரோத்தான் வரைக்கும் கடை கடையா நம்ம பசங்க மோட்டார்ல அலைஞ்சாங்க. ஒரு ஆளுக்கு ஒரு மூட்டைன்னு சொல்லிட்டாங்க, அதனால குடும்பத்தோட போய் வரிசையில நின்னோம். அன்னைக்குப் பக்கத்துல ஒரு அண்டா கிழங்கு இருந்திருந்தா மூணாவது சனிக்கிழமை கடைசிப் பந்திக்கு அந்த அவமானம் வந்திருக்காது. சோறு பத்தாம கைகூப்பி மன்னிப்புக் கேட்டது யாருன்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும்.

நம்ம ஆளுங்க தாமான் வீட்டுக்கு வந்த பிறகு தோட்டம் போடுறதையே விட்டுட்டாங்க. இருந்தாலும் ஈஜோக் பக்கமும் ஜெராம் பக்கமும் வீட்டுக்குப் பின்னாடி கிழங்குக் கொடி வெச்சிருக்கிற அக்காங்க இன்னும் இருக்காங்க. கொடியை ஒரு முழம் வெட்டி நட்டா மூணரை, நாலு மாசத்துல கிழங்கு. இப்ப நட்டா தைப்பொங்கலுக்குப் படைக்கலாம். கோயில் பின்பக்கம் சும்மா கிடக்கிற இடத்துல ரெண்டு பாத்தி போடலாமான்னு தலைவர்கிட்ட கேட்டிருக்கேன். "பார்ப்போம்"னு சொன்னார். அவர் "பார்ப்போம்"னு சொன்னா பாதி சம்மதம்.

அப்புறம் அந்தத் தாத்தா. போன சனிக்கிழமை அவர் அக்கா மகன் வண்டியில கூட்டிட்டு வந்திருந்தார், சக்கர நாற்காலியில. தூண் பக்கத்துல அதே இடம். நான் பாயச வாளியைத் தூக்காம கிழங்குத் தட்டோட போனேன். பார்த்துட்டு, "ஜப்பான்காரன் காலத்துல நான் பால்குடிப் புள்ளடா, எங்கம்மா தின்னது இதான்"னு சொன்னார். அரைக் கிழங்கு சாப்பிட்டார். மீதி அரையைப் பையில போட்டுக் கேட்டார், ராத்திரிக்கு. எள்ளு சாஸ் மட்டும் வேண்டாம்னுட்டார், பல்லுல ஒட்டுதாம்.

கமிட்டிக் கூட்டம் வர்ற புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு. நான் கேக்கப் போறது இவ்வளவுதான்: புரட்டாசி நாலு சனிக்கிழமையும் சோத்துக்குப் பக்கத்துல 150 கிழங்கு. புடிக்காதவங்க வந்து நேர்ல பேசுங்க, வாட்சாப்ல கைகூப்பு போட்டுட்டு வீட்டுல இருந்துடாதீங்க. சம்மதம் கெடைச்சா முதல் வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு கடலை கழுவி ஊறப்போட ரெண்டு பேர் வேணும், சனிக்கிழமை காலையில எள்ளு வறுக்க கை பதமான ஒரு அக்கா வேணும், கீறி நிரப்ப நாலு பேர். கிழங்கு சைஸ் பிரிக்கிறதுக்கு ஆள் தேவையில்ல, தராசோட நானே வர்றேன்.